இந்த வரிசை முடியட்டும்

மார்ச் 5, வியாழன்

எட்டு மணிக்கே மாடியில் கால் வைக்க முடியாத வெயில். வடகம் பிழிந்து காயப்போட்டாயிற்று. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

மே மாதம் கொடைக்கானல். அதற்குள் முடிக்க வேண்டியவை:
இவருக்கு ஸ்வெட்டர். முடிந்தது. கழுத்து கொஞ்சம் இறுக்கம், நான் சொல்லிக்கொள்ளவில்லை.
சுமதிக்குத் தொப்பி. முடிந்தது.
ராஜாத்தி அக்காவுக்குச் சால்வை. பாதி. மயில்கழுத்து நிறம், ஓரத்தில் இலை மாதிரி வேலைப்பாடு. ஒரு கண்ணி தவறினாலும் இலை கோணிவிடும்.
எனக்கு ஒன்றும் இல்லை. பழசு போதும்.

இவர் தங்கச்சி சுமதி சாயங்காலம் வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இந்த வேகாத வெயில்ல கம்பளிய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற ஒரே ஆளு மதுரையிலேயே நீங்கதான் மதினி." கண்ணி எண்ணும்போது ஒவ்வொன்றுக்கும் என் தலை ஆடுமாம். கண்ணை அரைக்கண்ணாக வைத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டினாள். "அந்நேரம் சொத்த எழுதிக் கேட்டாக்கூட மதினி சரி சரின்னு தலையாட்டும்." இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். என்ன செய்வது, உண்மை. யார் என்ன கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது "இந்த வரிசை முடியட்டும்."

ஞாயிறு குலசாமி கோயிலுக்குப் போகிறோம். கொட்டாம்பட்டி தாண்டி உள்ளே. நமக்கு வேன், சுமதி வீட்டுக்கு அவர்கள் கார்.

ராஜாத்தி அக்கா வர மாட்டேன் என்கிறார். மூத்தார், இவர் அண்ணன், தவறிப்போன பிறகு எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. கப்பலூர் கம்பெனி, வீடு, கம்பெனி. இரண்டு தெரு தள்ளி இருந்தும் நான் போய்ப் பார்த்தால்தான் உண்டு. இன்று போனேன்.

"என்னைய எதுக்கு தேவி. முன்னாடியும் நிக்க முடியாது, பின்னாடியும் நிக்க முடியாது. யாரு என்ன சொல்லுவாகளோன்னு நெஞ்சு கெடந்து அடிக்கும்."

"எம் பக்கத்துலயே இருங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

வாரேன் என்று சொல்லவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமை.

மார்ச் 7, சனி

எடுத்து வைத்தது: பச்சரிசி, வெல்லம், பானை, மஞ்சள் கொத்து, தேங்காய், விறகு (இவர் கோயிலிலேயே கிடைக்கும் என்கிறார், நம்ப முடியாது), தண்ணீர் கேன், பாய் இரண்டு, தலைவலி மாத்திரை.

பின்னல் பையும். இவர் பார்த்துவிட்டார். "சாமி கும்பிடப் போறப்பவுமா?"

"வேன்ல சும்மாதான உக்காந்திருக்கப் போறேன்."

சும்மாதானே, உண்மையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

வந்தாயிற்று. பொங்கல் நன்றாகப் பொங்கியது.

எழுத வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

தலைவலி. வாசல் தெளிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து "ஒடம்புக்கு முடியலையா" என்றார். ஆமாம் என்றேன்.

எழுதிவிடுகிறேன்.

போகும்போது அக்கா என் பக்கத்தில்தான். பானையை மடியில் வைத்திருந்தார், கையில் போன். ஜாக்கெட்டுக்குள் வைத்தால் வேர்வை என்றார். நான் வாங்கி என் பின்னல் பைக்குள் போட்டேன். கோயிலில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பூசாரியே கூப்பிட்டு அக்கா கையில் திருநீறு கொடுத்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேனும் காரும் நின்றன. பெண்கள் எல்லாம் பாத்ரூம் போக இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இலை ஓரத்தில் இருந்தேன். அந்த வரிசையை நடுவில் விட்டால் எங்கே விட்டோம் என்று பிடிக்கவே முடியாது.

டிரைவர் பாண்டி வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பினான். "எல்லாரும் ஏறியாச்சாக்கா?"

தலையாட்டினேன்.

அவன் கேட்டது காதில் விழுந்தது. அதற்குத்தான் தலையாட்டினேனா, கண்ணிக்கு ஆட்டினேனா? எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதுகூடத் தப்பிக்கிற புத்திதான். பக்கத்து சீட்டு காலி. அக்கா பின்னால் போய்ப் படுத்திருப்பார், இல்லை சுமதி காரில் ஏறியிருப்பார், அவ்வளவுதான் நினைப்பு. திரும்பிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை.

மாட்டுத்தாவணி பக்கம் இரண்டு வண்டியையும் ஓரங்கட்டிப் பொங்கலும் தேங்காய் மூடியும் பங்கு பிரித்தோம். சுமதி அங்கிருந்து அண்ணாநகரில் தன் வீட்டுக்குப் பிரிந்து போக வேண்டும். இவர் ஒரு பங்கை நீட்டினார். "இந்தா, பெரிய மதினி பங்கு. ஒங்க கார்ல குடுத்துரு."

"அவுக ஒங்க வேன்லல்ல வந்தாக?"

"எங்க வேன்லயா? ஒங்க கார்லன்னுல்ல நெனச்சேன்."

அப்போதுதான் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்தோம். இம்புட்டு நேரம், இத்தனை பேர், ஒருத்தருக்கும் அக்கா ஞாபகம் இல்லை. அந்தப் பங்கு மிஞ்சாமல் இருந்திருந்தால் விளாங்குடி வீட்டுக்கே வந்து சேர்ந்திருப்போம்.

இவர் பாண்டியைப் பிடித்து ஏசினார். ரோட்டில், போகிற வருகிறவர்கள் பார்க்க. "தலைய எண்ண மாட்டியாடா? மாட்டையா ஏத்திக்கிட்டு வார?" பாண்டி என்னைப் பார்த்தான். "அக்காகிட்ட கேட்டேண்ணே..." நான் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

தேடினேன்! எதைத் தேடினேன்?

திரும்பிப் போனோம். காற்றடிக்கிற மிஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் அக்கா. பங்க்கில் வேலை பார்க்கிற பெண் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வந்துட்டீகளா" என்றார், ஏதோ நாங்கள் சொன்ன நேரத்துக்கு வந்த மாதிரி. இவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "அட விடுங்க தம்பி, கூட்டத்துல நடக்குறதுதான்."

வேனில் ஏறினார். என் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி சீட்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று ஒன்றை எழுதவில்லை. இது என் நோட்டு, யாரும் படிக்கப் போவதில்லை, இதில்கூட எழுதாமல் விட்டேன் பார். சீ.

பங்க்கை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் பைக்குள் அக்கா போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பெயர் இல்லாத நம்பர். எவனாவது லோன் வேண்டுமா என்று கேட்பவனாக இருக்கும். கட் செய்தேன். மறுபடி அதே நம்பர். எண்ணிக்கை போய்விடும் என்று எரிச்சல். கட் செய்து, சைலண்டிலும் போட்டு, நூல்கண்டுக்கு அடியில் தள்ளினேன்.

அக்காவின் போன். அக்காவிடம் கொடுக்க வேண்டும், அக்கா எங்கே என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு நினைப்பு வந்திருந்தால் அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்கலாம். அந்தச் சமயம் நான் பின்னிக்கொண்டிருந்தது அக்காவின் சால்வை.

கூப்பிட்டது அக்காதான். பங்க் பெண்ணின் போனிலிருந்து. வேனில் வரும்போது கடைசி சீட்டில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "யாரு நம்பரும் மனப்பாடமா தெரியல. கேஸுக்கும் ரேசனுக்கும் சொல்லிச் சொல்லி என் நம்பர் மட்டுந்தான் தெரியும்." கட் ஆனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கும்போது போனைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆக, தெரியும். இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

சால்வையை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ரசம் வைத்தேன், உப்பில்லை. இவர் தானே எழுந்து போட்டுக்கொண்டார்.

காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுமதி போட்டிருந்தாள். "அடுத்த ட்ரிப்புக்கு எல்லாரும் கழுத்துல டோக்கன் மாட்டிக்கோங்க." அதற்கு ஆளாளுக்குச் சிரிப்பு பொம்மை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் ஒன்று போட்டேன்.

போட்ட பிறகு உறைத்தது. அந்த குரூப்பில் அக்காவும் இருக்கிறார்.

அழித்தேன். அழித்தது என்று அதுவும் காட்டுகிறது. போன் என்ன எழவுக்கு எல்லாவற்றையும் காட்டுகிறதோ.

இவர் சொன்னார்: "கொடைக்கானலுக்கு வேற வண்டி சொல்லிட்டேன். பாண்டி வேணாம். பொறுப்பு இல்ல அவனுக்கு."

"ம்" என்றேன். ம்! அந்த "ம்" சொன்ன வாயை என்ன செய்யலாம்?

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். காலையில் இவர் ஷூ மாட்டும்போது. தலையாட்டியது, போன் இரண்டு தடவை கட் செய்தது, எல்லாம்.

ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். "ரோட்டுல வச்சு அவனை மாட்டையா ஏத்திக்கிட்டு வாரன்னு கேட்டேனேடி. பக்கத்துலதான நின்ன?" அவ்வளவுதான். மறு ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு கேரியர் மேசையிலேயே இருக்கிறது.

பாண்டிக்கு நானே போன் போட்டேன். முழுதாகக் கேட்டான்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஆகாதாக்கா? அண்ணே முன்னாடி திருட்டுப்பய மாதிரி நின்னேன்."

"தப்புதான் பாண்டி."

"சவாரி போனாப் போகுதுக்கா. நாலு பேருகிட்ட அண்ணே சொல்லிட்டாரு பாருங்க, ஆளை விட்டுட்டு வாரவன்னு. அதை யாரு போயி அழிக்கிறது?"

இவரிடம் சொல்லி அந்த நாலு பேருக்கும் பேசச் சொல்கிறேன் என்றேன். "சொல்லுங்க" என்று வைத்துவிட்டான். நம்பவில்லை. நம்பமாட்டான்தான்.

சாயங்காலம் இவர் வந்ததும் பாண்டியிடம் பேசினார், மாடியில் நின்று, நெடுநேரம். கொடைக்கானலுக்கு அவன் வண்டியேதான். என்னிடம் சொல்லவில்லை, பேசியது கேட்டது.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவுக்கு லீவு. போனேன். வெறுங்கையோடு. சால்வையைக் கொண்டுபோவதா என்று யோசித்து, அதைக் காட்டி மன்னிப்பு வாங்குவது மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். "வா" என்றார். காப்பி போட்டார். சர்க்கரை சரியாக, எனக்குப் பிடித்த அளவு.

"அக்கா, அந்தப் போனைக் கட் பண்ணது நான்தான்."

"தெரியும். ஒம் பையிலதான இருந்துச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். அக்கா நூலைப் பல்லால் கடித்தார்.

"ஒருவாட்டி கட் ஆச்சு. டவர் இல்ல போலன்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டியும் ஆச்சு. அந்தப் புள்ள, இன்னொருக்க அடிச்சுப் பாக்கவாக்கான்னு கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

"ஏங்க்கா?"

"மூணாவது வாட்டியும் கட் ஆச்சுன்னா, மறந்துட்டுப் போகல, வேணாம்னுதான் விட்டுட்டுப் போயிட்டாகன்னு ஆயிரும்ல. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அங்கன எப்படி உக்காந்திருக்கிறது? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னு உக்காந்திருந்தேன்."

அழுதேன். அக்கா அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. அடுத்த பட்டனை எடுத்தார். நானே மூக்கைச் சிந்தி நானே நிறுத்திக்கொண்டேன்.

கொடைக்கானலுக்கு வருவீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. "அந்த குரூப்புல பொம்மை போட்டதும்..." என்று ஆரம்பித்தேன். "பாத்தேன்" என்றார். அதோடு சரி.

கிளம்பும்போது வாசலில் கூப்பிட்டார். "ஒன் நம்பரச் சொல்லு."

பேப்பர் எடுத்தேன். "எழுத வேணாம். வாயால சொல்லு."

சொன்னேன். திருப்பிச் சொன்னார். கடைசி நாலு எண்ணில் தடுமாறினார். மறுபடி சொன்னேன். கேட்டை மூடும்போதும் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 16, திங்கள்

சால்வையை இறக்கினேன். அன்று பின்னிய வரிசைகளை மட்டும் பிரித்தேன். அந்த இலை ஒரு குறையும் இல்லாமல் அம்புட்டு அழகாக வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

கேஸ் புக் செய்ய வேண்டும். வடகத்தில் எறும்பு.

மார்ச் 18, புதன்

புழுக்கம். மழை வரும் போல் இருந்து வரவில்லை. மதியம் சோறு வடித்துவிட்டுச் சால்வையோடு உட்கார்ந்தேன். இலை ஓரம், பாதி வரிசை.

போன். பெயர் இல்லாத நம்பர்.

ஊசியை அப்படியே போட்டேன். நாலைந்து கண்ணி நழுவியது தெரிந்தது. போகட்டும்.

"யாரு?"

பின்னால் மிஷின் இரைச்சல். பெண்கள் சத்தம்.

"நான்தான். கூட வேலை பாக்குற புள்ள போனுல இருந்து அடிக்கிறேன்."

"என்னக்கா? என்னாச்சு? எங்க இருக்கீக?"

"ஒண்ணும் ஆகல. எடுக்குறியான்னு பாத்தேன்."

வைத்துவிட்டார்.