எல்லாப் பைக்கும் ஒரே கழிவு

மஸ்கெலியாவில் இருக்கும் அம்மாவுக்கு, தனுஷிகா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஜெர்மனியில் நான் சுகம்; தூக்கம்தான் வருவதில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மோதி ஒன்றாகும் நட்சத்திர மண்டலங்களின் அத்தனை வெப்பமும் புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்களாலா, நடுவிலுள்ள கருந்துளையாலா என்று பார்ப்பதுதானே என் ஆராய்ச்சி? தூசி மறைக்கும் ஒளியை ஈடுகட்ட, எல்லா இடத்துக்கும் ஒரே அளவைக் கணக்கில் போட்டுவிட்டேன். நடுவில்தான் தூசி அதிகம். அங்கே ஒளிந்திருந்த கருந்துளை என் கணக்கில் வரவேயில்லை. பயப்படாதீர்கள், என் பேராசிரியை திட்டவில்லை, சிரித்தார். ஆறு மாத வேலையை மறுபடி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று எல்லாப் பைக்கும் இரண்டு கிலோ வெட்டும் கணக்கப்பிள்ளையிடம் சண்டை போடுவீர்களே: “என் கொழுந்து காஞ்சு கெடக்குங்க ஐயா, தொட்டுப் பாத்துட்டு வெட்டுங்க!” உங்கள் மகளும் தொட்டுப் பார்க்காமலே வெட்டியிருக்கிறாள்.

மிளகாய்த்தூள் இன்னும் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். அடுத்த முறை நிறுக்கும்போது நீங்கள் போடும் சத்தத்தைத் தங்கச்சியின் போனில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே யாரும் சத்தமே போடுவதில்லை, அம்மா.

பஸ் வந்துவிட்டது.
தனு