உனக்கென்று நான் வாங்கவைத்த துப்பாக்கி

அன்பு மச்சான் குமரேசா,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. உன் துப்பாக்கி இன்னும் மதுராந்தகம் போலீஸ் ஸ்டேஷனில்தான் படுத்திருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே உன் வீட்டுக்காரி தேவகியும் நானும் ஆட்டோவில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அந்த நீளப் பெட்டியை அவள் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அதை லைசென்ஸ் உள்ள யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரசாங்கத்துக்குப் போய்விடும். தேவகி யோசிக்கவே இல்லை. "நீங்களே எடுத்துக்கோங்கண்ணா. நீங்க பாத்து வாங்கிக் குடுத்ததுதான? உங்க கையில இருந்தா அவரே இருக்கறாப்ல இருக்கும்" என்றாள். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தத் தாள் மூன்று மாதமாக என் மேஜையில் கிடக்கிறது.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கிறேன் மச்சான். எடுத்துக்கொண்டால், நான் அன்றைக்கு ஆசைப்பட்டது முழுசாக என் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தேவகி இனி என் முகத்தில் விழிப்பாளா?

இதற்கு நடுவில் நம் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "குமரேசனுக்கு நினைவஞ்சலி நீங்கதான் சார் எழுதணும்" என்று செயலாளர் கேட்டார். சிரித்த முகம், தங்கமான மனசு என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். எழுதியும் பார்த்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

நம்மைத் தெரியாதவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். மறைமலைநகரில் ஒரே கம்பெனியில் வேலை. நீ கருங்குழியில் கம்பெனி பஸ் ஏறுவாய், நான் செங்கல்பட்டில் ஏறுவேன், எனக்கு நீ கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாய். வயலுக்கு வரும் காட்டுப்பன்றியை உன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியால் விரட்டின கதையை நீ சொன்னது அந்த பஸ்ஸில்தான். தொண்ணூற்றைந்தோ ஆறோ. உன்னைக் கிளப்புக்கு இழுத்து வந்தவன் நான். கைவிட்ட கல்குவாரிதான் நாம் சுட்டுப் பழகும் ரேஞ்ச். ஒரு வேட்டுப் போட்டால் மூன்று வேட்டாகத் திரும்பி வரும்.

முதல் நாளே எல்லாரும் கவனித்தது, நீ துப்பாக்கியை இடது தோளில் வைத்தது. "இன்னாப்பா, பீச்சாங்கைக்காரனா?" என்றார்கள். நீ பிறவியிலேயே அப்படித்தான். எழுத்தை வாத்தியார் பிரம்பால் அடித்து வலது கைக்கு மாற்றினார். சோற்றை உன் அம்மா மாற்றினார்கள். துப்பாக்கியை மட்டும் யாரும் மாற்றவில்லை, ஏனென்றால் இருட்டு வயலில் பன்றியை விரட்டுகிறவன் எந்தக் கையால் விரட்டுகிறான் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. இடது தோளில் வைத்து நீ சுட்டால் குறி தப்பாது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் அந்த மூன்று துப்பாக்கிப் போட்டி வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்துச் செயலாளர் ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே பிஸ்டலால் சுட வேண்டும், அடுத்து ரைஃபிள், கடைசியில் கன்னால், அதாவது உன்னுடையது மாதிரி சிதறுகுண்டுத் துப்பாக்கியால், எட்டு இரும்புத் தகடுகளைச் சாய்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். பிஸ்டலும் ரைஃபிளும் கிளப் கொடுக்கும், கன் மட்டும் அவரவர் கொண்டு வரணும். உன் இரட்டைக்குழலில் இரண்டு வேட்டு முடிந்ததும் மடக்கித் திறந்து, திரும்ப இரண்டு தோட்டா போட்டு, திரும்ப மூட வேண்டும். தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்கள் தகடுகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். நீ நடுவில் நிற்பாய். தோற்றாலும் உனக்குச் சிரிப்புத்தான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னிடம் ரைஃபிள் லைசென்ஸ் மட்டும் இருந்தது. கன் சேர்க்கச் சொல்லி நான் போட்ட மனு கலெக்டர் ஆபீசில் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கிளப் விதிப்படி, சொந்தக்காரன் பக்கத்தில் நின்றால் அவன் கன்னை இன்னொரு உறுப்பினர் சுடலாம். புரிகிறதா, என் புத்தி எங்கே போனது என்று? நீ வாங்கினால் நானும் சுடலாம்.

அப்புறம் மூன்று மாதம் பஸ்ஸில் உனக்கு நான் நடத்தின பாடம் இருக்கிறதே! சுட்ட புகையின் அழுத்தத்தால் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது ஒரு வகை. தோளில் மெதுவாக இடிக்கும், ஆனால் உள்ளே கரி பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் பிரித்துத் துடைக்கணும். தன் உதையாலேயே ஏற்றிக்கொள்வது இன்னொரு வகை. சுத்தமாக இருக்கும், எடை குறைவு, ஓடுவதற்கு வசதி, ஆனால் கழுதை மாதிரி உதைக்கும், சோப்ளாங்கித் தோட்டா போட்டால் சிக்கிக்கொள்ளும். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்று சொல்லித் தூங்கிப் போவாய்.

மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரத்தில் ஒரு பெரியவர் இரண்டு துப்பாக்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு நான் மட்டும் போனேன். உனக்கு அன்றைக்கு அறுப்பு. ஒன்று அவருடையது. உதையில் ஏற்றுகிற வகை, லேசு, காலித் தோட்டா வலப்பக்கம் பறக்கும். இன்னொன்று அமெரிக்கா போய்விட்ட அவர் மகனுடையது. புகை அழுத்த வகை, மெதுவான இடி. அவர் அதை என் கையில் கொடுத்து, "இது லெஃப்ட் ஹேண்டர்க்கு செஞ்சது சார். நம்ம நாட்டுல இப்படி ஒண்ணு கெடைக்கறது கஷ்டம்" என்றார். காலித் தோட்டா இடப்பக்கம் பறக்கும். உனக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

நான் அதை என் வலது தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒத்து வரவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் உன்னிடம், ஒரு துப்பாக்கி பார்த்தேன், அருமையாக இருக்கிறது என்றேன். லேசு, கரி பிடிக்காது, கடல்காற்றில் இருந்தும் துருவே இல்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மைதான் மச்சான். இரண்டு துப்பாக்கி என்று மட்டும் சொல்லவில்லை.

பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு ஒரு துப்பாக்கிதான், புதுசு வேண்டுமானால் பழசை ஒப்படைக்கணும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நீ உன் அப்பாவின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தாய். அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸை நீ திறக்கவே இல்லை. நான் என் சாப்பாட்டையும் சாப்பிட்டு உன் மீன் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டேன். இதெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. இடது தோளில் வைத்துச் சுட்டதும் காலித் தோட்டா உன் மூக்குக்கு முன்னால் குறுக்கே பறந்தது. சூடான மருந்துத் தூள் கண்ணில் பட்டது. நாலாவது வேட்டில் நீ சுடுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாய். நான் பெரிய மேதாவி மாதிரி, "தோள மாத்திடு மச்சான். ஆறு மாசத்துல பழகிடும். சோறு பழகல? எழுத்து பழகல?" என்றேன்.

நீ துப்பாக்கியை வலது தோளுக்கு மாற்றினாய். "மிச்சம் இது ஒண்ணுதான் இருந்துச்சு. சரி, இதையும் மாத்திக்கினா போவுது" என்று சிரித்தாய்.

பழகவே இல்லை. ஐந்து வருஷம் வலது தோளில் வைத்துத் தோற்றாய். அதே துப்பாக்கியால் நான் மூன்று கோப்பை வாங்கினேன். என் முறை முடிந்ததும் வாங்கித் துடைத்து எண்ணெய் போடுகிறவன் நீ. "குமரேசன் எட்டுத் தகடு சாய்க்கறதுக்குள்ள டீ குட்ச்சிட்டு வந்துடலாம்பா" என்று குவாரியில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இடது கைத் துப்பாக்கியை யாரோ ஊட்டிக்காரர் வாங்கிக்கொண்டு போக இரண்டு வருஷம் ஆனது. அதுவரை அது அந்தக் கடலோர வீட்டில்தான் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் நான் வாயைத் திறந்திருக்கலாம். மாற்றிக்கொள்ள வழி இருந்திருக்கும். நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயமே பெரிசாகிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கோட்டைச் சுவரோரம் நின்றிருந்தபோது சும்மா கேட்கிற மாதிரி கேட்டாய்: "அந்தப் பெரியவர் வூட்ல வேற துப்பாக்கி இன்னா இருந்துச்சு மச்சான்?" நான் கடலைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லயே" என்றேன். நீ தலையாட்டினாய். வவ்வால் மீன் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். உனக்கு யாராவது சொல்லியிருந்தார்களா? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

ஒரு காலைப்பொழுதில் மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ மறுபடி எழுந்திருக்கவில்லை. நான் போட்ட மனு பாஸாகி என் லைசென்ஸில் கன்னுக்கு அனுமதி கிடைத்தது அடுத்த மாதம். விதி இதைவிட ஒருத்தனைக் கேலி செய்ய முடியுமா?

இதுவரை எழுதி வைத்துவிட்டு, போன ஞாயிறு கருங்குழிக்குப் போனேன். தேவகி முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களாண்ணா?" என்றாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு துப்பாக்கியையும் சொன்னேன், கோட்டைச் சுவரையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"கைய ஏன் மாத்திக்கினீங்கன்னு அவரக் கேட்டேன்" என்றாள் கடைசியில். "மச்சான் சொல்லிட்டான்னாரு. சாயந்தரத்துல கண்ணாடி முன்னால கழிய வச்சிக்கினு பழகுவாரு. தோளு கன்னிப்போயி வந்து நிப்பாரு, நாந்தான் ஒத்தடம் குடுப்பேன்."

என்னால் தலை நிமிர முடியவில்லை. "அந்தத் துப்பாக்கி எனக்கு வேணாம் தேவகி. நான் அதுக்கு யோக்கியதை இல்லாதவன். கவர்மெண்டுக்கே போவட்டும்" என்றேன்.

அப்போதுதான் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லிட்டீங்க, உங்க பாரம் எறங்கிச்சு. அத்தயும் வோணாம்னுட்டு நல்லவராயிடலாம்னு பாக்கறீங்களா? அதெல்லாம் முடியாது. நீங்கதான் வச்சிக்கணும். விக்கக் கூடாது. எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, தூக்கினு போயி வச்சிட்டு, திரும்பத் தூக்கினு வரணும். தொடச்சி எண்ண போடணும். எங்க மாமனாரு துப்பாக்கியக் குடுத்துட்டுத்தான் அது இந்த வூட்டுக்கு வந்துச்சு. உங்களுக்கோசரம் வாங்கனதுதான அது? வச்சிக்கோங்க."

செம்பில் தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். வாசல் வரைக்கும் வந்தாள். "போய்ட்டு வாங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அவளுக்கு நான் அண்ணன் இல்லையென்றால் உனக்கு நான் மச்சானும் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது உறைத்தது. நடுரோட்டில் நின்று அழுதேன்.

நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், குமரேசா. விற்க மாட்டேன். மலர் வெளிவருகிற ஞாயிறு, கோப்பை மூன்றையும் கிளப் மேஜையில் வைத்துவிட்டு, உன் துப்பாக்கியை என் இடது தோளில் வைத்து அந்த எட்டுத் தகடு முன்னால் நிற்பேன். காலித் தோட்டா என் மூக்குக்கு முன்னால் பறக்கும், கண் தானாக மூடும், குவாரி முழுக்கச் சிரிக்கும். அடுத்த ஞாயிறும் நிற்பேன், அதற்கடுத்த ஞாயிறும். ஐந்து வருஷம் நீ தோற்றாய். அத்தனை வருஷமும் அந்த இடத்தில் நின்று, ஒரு காரணமும் சொல்லாமல் தோற்றுக் காட்டுகிறேன்.

தேவகி திரும்ப அண்ணா என்று கூப்பிடுகிற வரைக்கும் மச்சான் என்ற சொல்லைக் கடனாக எழுதிக்கொள்கிறேன்,
உன் மச்சான்
ராஜேந்திரன்