தங்கத்தின் மேல் ஒரு ரிப்பன்

மார்ச் 4

அக்கா,

சௌக்கியமான்னு கேட்டா திட்டுவீங்க. தம்பி செத்து மூணு மாசத்துல என்ன சௌக்கியம். போனை எடுக்க மாட்டேங்கறீங்க, அதான் லெட்டர்.

அவன் பண்ணின, கண்ணுக்கே தெரியாத அந்தக் கரி ரிப்பன் கரண்டைக் கடத்துதுன்னு அவன் பேர்ல கட்டுரை அனுப்பப் போறீங்களாமே. அனுப்பாதீங்க. மூலக்கூறுகளைத் தங்கத் தகட்டுல தூவி, சூடேத்தி, வரிசையா கோத்தான். அழகுதான், இல்லேங்கல. ஆனா அளந்தப்பவும் அது தங்கத்து மேலதானே படுத்திருந்தது? தங்கத்துல படுத்தா எதுதான் கடத்தாது? இதுக்குத்தான் எங்களுக்குள்ள சண்டை, இதுக்குத்தான் நான் உங்க லேப்ல படிப்பை விட்டதும். அவன் போயிட்டான்னா என் கேள்வியும் போயிடுமா?

தடவித் தடவிப் படமெடுக்கற அந்த மைக்ராஸ்கோப் ஊசியாலயே ரிப்பனோட ஒரு முனையைத் தூக்கிப் பாருங்க. அப்பவும் கரண்ட் ஓடினா அவன் ஜெயிச்சான்.

வேளைக்குச் சாப்பிடுங்க.

உங்க தம்பி பேர் வச்ச
குடைச்சல்

மார்ச் 11

குடைச்சலுக்கு,

உன் வாய் மட்டும் மாறல. தூக்கினா அறுந்துடும்னு உனக்குத் தெரியாதா? அவன் பண்ணினதுல மிச்சம் இந்த ஒண்ணுதான். காத்து படக்கூடாதுன்னு, அதை உறிஞ்சற பம்ப்பை நிறுத்தவே விடாம காவல் காக்கறேன்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. காலையில பார்த்தா ரிப்பன் விட்ட இடத்துல இருக்கறதில்ல. கொஞ்சம் தள்ளிக் கிடக்கு. சூடு கொஞ்சம் மாறினாலே ஊசி எடுக்கற படம் நகரும்னு நானே பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். இருந்தாலும் "எங்கடா போனே"ன்னு வாய் கேட்டுடுது.

என்னை விட்டுடு.

அக்கா

மார்ச் 15

அக்கா,

சிரிக்கல. நான் வேலை பாக்கற ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில கம்ப்ரஸர் ஓடினாலே அந்தப் பம்ப் சத்தம்தான். அதுக்குள்ளேருந்து "சரிடா, தூக்கிக் காட்டறேன்"ங்கறான். கடைசியா அவன் சொன்னது அதான். மறுநாள் லாரி மோதிடுச்சு.

அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும். பாக்காம வச்சிருந்தா அவன் போக மாட்டான். உங்களையும் விட மாட்டான், என்னையும் விட மாட்டான்.

குடைச்சல்

மார்ச் 28

குடைச்சல்,

தூக்கினேன். ஊசி மேல போகப் போக, அடியில தங்கம் இல்லாமலே, கரண்ட் ஓடிக்கிட்டே இருந்தது. அப்புறம் அறுந்துது. அவன் சொன்னது சரி. நீ கேட்டதும் சரி. கட்டுரையில உன் பேரும் போகுது, பேசாம இரு.

ஆனா அறுந்த துண்டு ஊசிமுனையில ஒட்டிக்கிச்சு. இப்போ புதுத் தகட்டுல எதை வச்சு அந்த ஊசியால படமெடுத்தாலும், அது பக்கத்துல அவன் ரிப்பனோட நிழலும் விழுது. யார் பார்த்தாலும் விழுது. பசங்க அந்த அறைக்கே வர மாட்டேங்கறாங்க.

ஊசியைத் தங்கத்துல ஒரு குத்து குத்தினா சுத்தமாயிடும். என் கை போகல. நீ வந்து குத்து.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

ஞாயித்துக்கிழமை வரேன்.

நான் வந்ததும் எதையாவது வச்சு அந்த ஊசியால ஒரு படம் எடுங்க. தூக்கிக் காட்டறேன்னான் இல்ல, அந்த நிழலை ஒரு தடவை பாத்துட்டுக் குத்தறேன்.

குடைச்சல்