ஓடினால் ஏறும் என்றார் அப்பா

மார்ச் 21, சனி

அப்பாவின் மூச்சு மெஷின் இன்றும் இரண்டரை மணிக்கு நின்றுவிட்டது. ஒரு சின்ன ‘பீப்’, அவ்வளவுதான். மேல் படுக்கையில் அவரும் அம்மாவும் அசையவில்லை. கீழே, சாப்பாட்டு மேசையை மடக்கிப் போட்ட படுக்கையில், விழித்திருப்பது நான் மட்டும்.

தூக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வரும். மணிக்கு நாற்பது தடவை என்று டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில் இருந்தேன். அதற்குத்தான் மெஷின். வீட்டில் சுவரில் செருகினால் போதும். விடுமுறைக்குக் கிளம்பி வந்த இந்தக் கேம்பரில், டிரக்கின் முதுகில் ஏற்றிய இந்தச் சின்ன வீட்டில், இருப்பது ஒரே ஒரு பேட்டரி. டிரக் ஓடும்போது எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்ப வேண்டும். “ஓடினா ஏறும்” என்பார் அப்பா.

இன்று ஏழு மணி நேரம் ஓடியது. ஏறவில்லை.

அதே பேட்டரியில்தான் போர்வைக்குள் இந்த விளக்கும் எரிகிறது. நான் எழுதுவதற்காக. யாருக்கும் தெரியாது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் அப்பா பேட்டரி மீட்டரைப் பார்த்துவிட்டு, நேராகப் போய் ஆரின் என்ற என் மாமாவின் கூடாரத்தை உலுக்கினார். மாமா அம்மாவின் தம்பி, டயர் கடையில் வேலை. போன மாதம் டிரக்கிலிருந்து கேம்பருக்குக் கேபிள் இழுத்தது அவர்தான்.

“மச்சான், நீ இழுத்தது கேபிளா, தையல் நூலா?”

“கேபிள் நல்ல கேபிள் அத்தான். உங்க ஆல்டர்னேட்டருக்குத்தான் வயசாச்சு. உங்கள மாதிரியே.”

“நானூறு மைல் ஓடியிருக்கேன்டா!”

“நீங்க ஓட்டுற வேகத்துக்கு அது ஓடினதுன்னே நெனைச்சிருக்காது.”

உடனே அப்பா டிரக்கைக் கிளப்பினார். முகாமைச் சுற்றிப் போகும் மண் பாதையில் முப்பத்தொரு சுற்று. உள்ளே நானும், கையில் பான்கேக் மாவோடு அம்மாவும். பக்கத்து முகாம்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கிழவர் ஒவ்வொரு சுற்றுக்கும் தொப்பியைத் தூக்கினார்.

சுற்றும் முன் மீட்டரில் பதினொரு சதவீதம். சுற்றிய பின் எட்டு.

மாமா மீட்டரை எட்டிப் பார்த்து, “இன்னும் பத்து சுத்து சுத்துங்க அத்தான், மொத்தமா காலியாயிரும்” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. மெஷினில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். “நாலரை மணி நேரம். நேத்தும் நாலரை. காலையில தலைய பிடிச்சிட்டு எழுந்திரிக்கிறீங்க. செவ்வாய்க்கிழம ராத்திரி வரைக்கும் பாப்பேன். அப்புறமும் நின்னா புதன் காலையில வீட்டுக்கு.”

சர்க்கரை ஆலையில் மூன்று வருடமாக அப்பா விடுமுறை எடுக்கவில்லை. நாங்கள் பார்க்கக் கிளம்பிய ஆற்றுப் பள்ளத்தாக்கை இன்னும் பார்க்கவே இல்லை. அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பேட்டரியைக் காலி செய்வது என் விளக்குதான். வேறென்ன?

மார்ச் 23, திங்கள்

இன்று விளக்கே போடவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் டிரக்கும் ஓடியது. அப்படியும் மெஷின் இரண்டு நாற்பதுக்கு நின்றது.

ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எண்ணினேன். இருபது வந்தால் மேல் படுக்கையைத் தட்டி எழுப்பிவிடுவது என்று முடிவு. பத்தொன்பதில் வந்தது. பன்றி உறுமுவதுபோல் ஒரு சத்தம். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அப்புறம்தான் இதை எழுத விளக்கைப் போட்டேன்.

விளக்கு அணைந்திருந்தும் கிட்டத்தட்ட அதே நேரம். அப்படியானால் பேட்டரியைத் தின்பது —?

மார்ச் 24, செவ்வாய்

காலையில் வேறு முகாமுக்குக் கிளம்பினோம். கிளம்பும் முன் அப்பா பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலைப் படிப்பார். விமானம் ஓட்டுகிறவர் குரலில்.

“படிக்கட்டு?”

“மடிச்சாச்சு.”

“ஜன்னல்?”

“மூடியாச்சு.”

“ஃப்ரிட்ஜ்?”

“கேஸ்லேர்ந்து பேட்டரிக்கு!” இதற்கு அவரே பதில் சொல்லி, பார்க்காமலே குமிழைப் பேட்டரிப் பக்கம் தள்ளுவார். எங்கள் ஃப்ரிட்ஜ் கேஸிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும்; வண்டி ஓடும்போது உள்ளே கேஸ் எரியக் கூடாது.

வந்து சேர்ந்ததும் அப்பாவும் மாமாவும் புதுக் கேபிளோடு டிரக்குக்கு அடியில் போய்விட்டார்கள். நான்கு கால்களும் ஒரு சண்டையும் மட்டும் வெளியே தெரிந்தன. அம்மா குளிக்கப் போனாள்.

மாமாவின் மீட்டரை எடுத்தேன். கிடுக்கி மாதிரி வயரைக் கவ்வினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் மீட்டர். என் விளக்கின் வயரில் புள்ளி ஒன்று ஆம்பியர். அழுதுவிட்டேன். இந்தத் துளிக்காகவா நான்கு நாள் பயந்தேன்?

பிறகு பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரைக் கவ்வினேன். விளக்கு இல்லை, மெஷின் இல்லை, எதுவுமே ஓடவில்லை. பதின்மூன்று!

ஃபியூஸ் பெட்டியை நான் தொடக் கூடாது. தொட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஐந்தாவதைக் கழற்றியதும் மீட்டர் பூஜ்யம். அதன்மேல் அப்பாவின் கொட்டை எழுத்து: ஃப்ரிட்ஜ்.

குமிழ் இன்னும் பேட்டரியில். நான்கு நாளாக அப்படியேதான். ஓடும்போது கேபிளில் வருவதையெல்லாம் ஃப்ரிட்ஜ் தின்கிறது, நின்ற பிறகு மீதியையும் தின்கிறது. புறப்படும்போது படிக்கப் பட்டியல் இருக்கிறது. வந்து சேர்ந்தால் படிக்க ஒன்றும் இல்லை.

இதை எப்படிச் சொல்வது? நான்கு நாளாக மாமாவைத் திட்டிய அப்பாவிடம், மாமாவின் எதிரில்? ஃபியூஸை ஏன் தொட்டாய் என்பார். ராத்திரி மெஷின் எத்தனை மணிக்கு நின்றது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

கேஸ் பற்றவைக்க எனக்கு அனுமதி இல்லை, தெரியவும் தெரியாது. ஃபியூஸ்களை மாட்டிவிட்டு, குமிழை ‘நிறுத்து’ என்ற இடத்தில் வைத்துவிட்டேன்.

மார்ச் 25, புதன்

மெஷின் காலை வரை ஓடியது. நானும் காலை வரை உட்கார்ந்து கேட்டேன்.

அப்பா உள்ளாடையோடு வெளியே ஓடினார். “எட்டு மணி நேரம்! கேபிள்தான்னு சொன்னேனா இல்லையா?”

“அந்தப் புதுக் கேபிள முறுக்கினது யாரு அத்தான்? இந்தக் கைதானே?”

இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான்கு நாளில் முதல் தடவை. நான் பான்கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பால், தொத்திறைச்சி, மாமா நேற்றுப் பிடித்த இரண்டு டிரவுட் மீன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “யாருடா இத நிறுத்தினது?”

“உள்ள ஏதோ செத்துக் கிடக்கு” என்றார் மாமா.

“ஒன்னோட மீன்டா!”

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஒரே மூச்சில். இரண்டரை மணிக்கு வரும் ‘பீப்’, பட்டியல், பதின்மூன்று ஆம்பியர், ஐந்தாவது ஃபியூஸ். அப்பா குமிழையே பார்த்தார். மாமா வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்திருப்பார்.

ஆனால் அதற்குள் அப்பா கேட்டார்: “மெஷின் ரெண்டரைக்கு நின்னது ஒனக்கு எப்படிப் பாப்பா தெரியும்?”

“முழிச்சிருந்தேன்.”

“எத்தன ராத்திரி?”

“எல்லா ராத்திரியும்.”

“ஏன்டா?”

“நீங்க மூச்சு விடுறீங்களான்னு... எண்ணிட்டிருந்தேன்.”

மாமா வாயை மூடிக்கொண்டார். மீனை எடுத்துக்கொண்டு புதைக்கப் போனார். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். “அதிகபட்சம் எவ்வளவு வரைக்கும் எண்ணின?” என்றார்.

“பத்தொன்பது.”

தலையாட்டினார். என் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, கேஸ் எப்படிப் பற்றவைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது முயற்சியில் பற்றியது.

மார்ச் 27, வெள்ளி

இதைப் பகலில் எழுதுகிறேன், ஆற்றங்கரையில், எல்லார் எதிரிலும். ஒன்பது மணிக்குப் படுத்தேனாம். காலையில் காபி வாசனைக்குத்தான் எழுந்தேன். நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.