எட்டாவது விதை

சான் அகுஸ்தீன்,
மே 14, 1984, திங்கள் காலை.

அன்புள்ள எவரிஸ்தோவுக்கு,

அம்பாரோ எழுதுவது. இங்கே நலம். நீயும் உன் காமிராவும் நனையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு நாளாகும். என் காலுக்கு நேர் கீழே, குகைக்குள் ஆயிரத்து இருநூறு மீட்டரில்தான் இருக்கிறாய். ஆனாலும் கயிற்றில் இறங்குகிற தபாலுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. தொலைபேசிக் கம்பி அறுந்ததிலிருந்து வழியில் இருப்பவர்களுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை. இரண்டாம் முகாமில் நபோர் இதைப் பிரித்து வாசிப்பான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, அதனால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் எழுதப்போகிறேன். நபோர், உன் அம்மா நலம். அந்தத் தாடியோடு வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லச் சொன்னார்.

கணுக்கால் பிசகியதால் மேலே போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். கணுக்காலுக்கு ஒன்றுமில்லை. முகாமில் காப்பி கொதித்தாலே குமட்டிக்கொண்டு வந்தது. உன்னிடம் சொன்னால் நீயும் ஏறி வந்துவிடுவாய், வேலை கெடும் என்று மறைத்தேன். மறைத்தது தப்பு.

ஏறி வந்தபோது குகை வாயருகே ஊர்ப் பெரியவர் டோன் லாசரோ சோளத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாம் இறங்கிய அன்று மலையின் எஜமானான தெய்வத்திடம் நமக்காக உத்தரவு கேட்டவர் அவர்தானே. ஆளுக்கொரு கக்காவோ விதை காணிக்கை என்று அவர் சொன்னதும் நீ சிரித்துக்கொண்டே ஏழு விதையை எண்ணி அவர் படைத்த முட்டையின் பக்கத்தில் வைத்தாய். அதைப் பற்றித்தான் பேச்செடுத்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏழு வச்சீங்க. எறங்குனது எட்டுல்ல? கணக்கு ஒதைக்குதே தாயீ,” என்றார்.

ஏழு பேரையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மருத்துவச்சி டோன்யா ஃபிலோமெனா வந்து நாடி பார்த்தார், தேதி கேட்டார். டோன் லாசரோவின் கணக்குத்தான் சரி என்றார். ஜனவரி வரை கயிற்றைத் தொடக்கூடாதாம்.

இனி மழை. ஜூனில் வர வேண்டியது இந்த வருஷம் அவசரப்படுகிறது. சனிக்கிழமை அரை மணி நேரம் தூறியது, கோழி கூட ஒதுங்கவில்லை. அதற்கே ஒன்பது மணி நேரம் கழித்து இரண்டாம் முகாமில் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது என்று சாமான் கொண்டு போய் வந்த தெயோதோரோ சொல்கிறார். உனக்கும் நபோருக்கும் நடுவில் உள்ள கயிறு அருவியை ஒட்டித் தொங்குகிறது. நல்ல மழை ஒன்று பெய்தால் அந்த வழி அக்டோபர் வரை மூடிக்கொள்ளும். உன்னிடம் பத்து நாள் சாப்பாடு இருக்கிறது. இதை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருமுறைதான் எழுதுவேன்.

குகையடியில் உள்ள பெரிய கூடத்தைப் படமெடுக்க இன்னும் பன்னிரண்டு பிளாஷ் பல்பு கேட்டு எழுதியிருந்தாய். ஒருவர் கண்ணிலும் முழுதாகப் படாத கூடம், ஒரே ஒரு படம், நான்கு நாள் பொறுத்துக்கொள் என்று. எனக்கும் அந்தப் படத்தின் மேல் ஆசைதான். அதில் நிற்க வேண்டியவளே நான். ஒன்பது வருஷமாக உன் படங்களில் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு கடுகளவு நிற்கிறேன். என் முகம் தெரிகிற படம் நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பல்புகள் நேற்று வந்தன. பன்னிரண்டும் என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன. இதோடு வரும் பையில் அவற்றைத் தேடாதே. காய்ந்த காலுறை இரண்டு ஜோடி, வறுத்த கடலை, மிளகாய்ப்பொடி இருக்கும். அடியில் சோளமட்டையில் சுற்றி ஒரு கக்காவோ விதை இருக்கிறது. டோன் லாசரோ கொடுத்தனுப்பியது. நின்ற இடத்திலேயே அதை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார். இந்த முறை சிரிக்காமல் வை.

கோபம் வரும். வரட்டும், மேலே வந்து திட்டு. எவ்வளவு பெரிய கூடமானாலும் ஒரு சின்ன ஆள் நின்றால்தான் படம் என்பாய். இதுவரை உனக்குக் கிடைத்ததிலேயே சின்ன ஆள் ஜனவரியில் வருகிறது. பன்னிரண்டு பல்பும் அதற்கு. முகத்தை எடுக்க வேண்டும், எவரிஸ்தோ. வெளிச்சம் பிடிக்க நான் இருக்கிறேன்; காமிராவுக்குப் பின்னால் நீ இருக்க வேண்டும்.

கயிறு காய்ந்திருக்கும்போதே ஏறி வா.

உன்,
அம்பாரோ