அப்பனைத் தூக்கினால் சேவையில்லையாம்

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

பிளஸ் ஒன், பிளஸ் டூவை நம் மகள் சர்க்கார் பள்ளியிலேயே படிக்கட்டும் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. "இது உலகம் பூரா செல்லுபடியாகற படிப்பு புள்ள. பாடம், ஆட்டம், பாட்டு, சேவைன்னு எல்லாமே இருக்குது. நம்ம கோகிலா முழு ஆளா வருவா" என்றீர்கள். சேர்த்துவிட்ட வருஷமே படுத்துவிட்டீர்கள்.

உங்களைப் புரட்டிப் படுக்க வைத்ததும், கஞ்சியை ஆற்றி ஊட்டியதும், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டதும் அவள்தான். எனக்கு இடுப்பு வலி, மாடுகளும் என் தலையில். அவள் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன்?

போன மாசம் பள்ளியில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். சேவை செய்ததற்கு அவள் எதையும் காட்டவில்லையாம். அது இல்லாமல், எத்தனை மார்க்கு வாங்கினாலும் சர்டிபிகேட் கிடையாதாம். உங்களை அவள் பார்த்துக்கொண்டதைச் சொன்னேன். சேவைக்குப் பொறுப்பான டீச்சர் மலையாளம் கலந்து பொறுமையாக விளக்கினாள்.

"அம்மே, சொந்த வீட்டில் செய்யுறது கடமையல்லே? அது சேவனத்தில் வராது."

"அப்ப பக்கத்து ஊட்டு அப்பனைத் தூக்குனா வருமுங்களா டீச்சர்?"

"அது வரும்" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

ஒரு ரூபாய் பிசகினாலும் வீட்டுக் கணக்கைத் திரும்பக் கூட்டுகிறவள் நான். இது எந்த ஊர்க் கணக்கு மாமா?

அதோடு விட்டாளா? எங்கள்மேல் மனமிரங்கி ஒரு வழி சொன்னாள். அப்பாவின் கடைசிக் காலத்தில் தான் என்ன கற்றுக்கொண்டாள், எப்படி வளர்ந்தாள் என்று கோகிலா எழுதித் தரட்டுமாம். கூடவே, படுக்கையில் எடுத்த போட்டோ ஒன்றும் வைத்தால் மேலிடத்தில் பேசிப் பார்ப்பாளாம். எலும்பும் தோலுமாய்க் கிடந்த உங்களை.

நான் வாயைத் திறக்குமுன் கோகிலா எழுந்துவிட்டாள். "எங்கப்பா சாகக் கிடந்ததுல நான் ஒண்ணும் வளரலீங்க டீச்சர். வேற ஊட்டுக்கே போறனுங்க."

இப்போது சனிக்கிழமைகளில், படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்சோடு வேலந்தாவளத்துக்குப் போகிறாள். அங்கே வாதத்தில் விழுந்த மாட்டுத் தரகர் ஒருவர். முதல் நாளே, வலி தெரியாமல் அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாளாம். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று நர்ஸ் கேட்டபோது, இவள் அவர் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாளாம். பள்ளிக்கு அனுப்பும் போட்டோவில் அவர் முகம் விழாமல், தன் கை மட்டும் தெரியும்படி எடுக்கச் சொன்னாளாம். வீட்டுக்கு வந்தவள் சோறு வேண்டாமென்று உங்கள் கட்டிலில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

அந்தக் கை சேவையில் ஏறிவிட்டது. அதே கைதானே மாமா?

சர்டிபிகேட்டை அவள் வாங்குவாள். மாரியம்மன்மேல் ஆணையாக நான் வாங்க வைப்பேன். ஆனால் அன்றைக்கு மேடையில் யாராவது, சேவை என்றால் என்னவென்று இந்தப் பள்ளிதான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தது என்று பேசினால், நான் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து உங்கள் பெயரைச் சொல்வேன்.

கோகிலாவைப் பெற்றவள்,
உங்கள் பொண்டாட்டி