இரண்டு முகம் விழுந்த படம்

மார்ச் 4, சனி

கேமராவை நிறுத்துகிற ட்ரைபாடுக்கு மூன்று கால். மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இன்றுதான் இரவுப் பட வகுப்பு ஆரம்பம். இதில் சேர்ந்தது என்னவோ நானும் தங்கையும். பெயர் கொடுத்தது, கேமரா வாங்கியது எல்லாம் அவள்தான். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. நாற்பத்திரண்டு வயதில் ஜம்மென்று கிளம்பிப் போய்விட்டாள். "நீயாவது போக்கா, கேமரா சும்மா கெடக்குது" என்றாள். சும்மா கிடக்கிற இன்னொன்று நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

சொல்லிக்கொடுக்கிறவள் கல்யாணப் படம் எடுக்கிற பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். ஒரு கடைத்தெருப் படத்தைக் காட்டினாள். விளக்கெல்லாம் எரிகிறது, தெருவில் ஈ காக்கை இல்லை. "ஆளுங்கல்லாம் எங்க மேடம்?" என்று ஒருவர் கேட்டார். "கூட்டம் நெரிஞ்சுது சார். கேமரா ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சா, நடந்துட்டே இருக்கறவங்க படத்துல விழமாட்டாங்க. நின்னாத்தான் விழுவாங்க."

மார்ச் 6, திங்கள்

ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் எனக்குக் காலை முதல் போன். எந்த டாக்டர், என்னைக்கு, எத்தனை மணிக்கு. "லைன்ல இருங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் லைனில் யாரும் இல்லை.

இன்னமும் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறேன். யார் வரப்போகிறார்கள்?

மார்ச் 8, புதன்

தங்கை கூப்பிட்டாள். "பின்னறையக் காலி பண்ணியாச்சுக்கா. எங்க கூடவே வந்துடு. அவர் ஜன்னல் ஸ்க்ரீனுக்கு அளவுகூட எடுத்துட்டார்." 'அவர்' என்பது மாப்பிள்ளை. என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார். வாயைத் திறக்காத மனிதர். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கார அம்மாவும் மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "இருக்கியா, காலி பண்றியா? மாசக் கடைசிக்குள்ள சொல்லிடும்மா. வீடு கேட்டு ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

என்ன சொல்வது? அம்மா போன பிறகு இந்த வீட்டில் நானும் தங்கையும் மட்டும்தான். அவள் சத்தம் இல்லாமல் நான் ஒரு ராத்திரி தூங்கியதில்லை. தனியா இருக்க எனக்குத் தெரியாது. பயமா இருக்கு. அங்கே போனாலோ, வேளைக்குச் சாப்பாடு, பேச்சுத்துணை, எல்லாம் உண்டு. கூடவே, அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அதுவும் உண்டு.

மார்ச் 11, சனி

கேமராவைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து உயிரே போய்விட்டது.

ஆற்றுப் பாலத்தடியில் வகுப்பு. நாலு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கும் பாடம். மூச்சுக்கூட விடாமல் நின்று எடுத்தேன். முடிந்து 'டக்' என்று மூடியது. படம் வரவில்லை. திரை கறுப்பு. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. தங்கை கேமராவாச்சே... என்ன சொல்லுவேன் அவகிட்ட? பதற்றத்தில் பேட்டரியை உருவிவிட்டேன்.

சொல்லிக்கொடுக்கிற பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, அது வேலை செஞ்சிட்டு இருந்துது. நாலு நிமிஷம் எடுத்தா, கண்ண மூடிக்கிட்டு இன்னொரு நாலு நிமிஷம் வெறும் இருட்ட எடுக்கும். எது வெளி வெளிச்சம், எது கேமராவுக்குள்ளயே தானா விழற அதோட சொந்தப் புள்ளின்னு பிரிச்சுப் பாக்கும். அதுவரைக்கும் விட்டுடணும்."

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் போனது போனதுதான். பக்கத்தில் நின்ற, கூடப் படிக்கிற லிஃப்ட் மெக்கானிக், "நான் வீட்ல எடுத்துப் பாத்தப்ப ரெண்டு தடவ உருவினேன்" என்றார். ஆறுதலுக்குப் பொய் சொல்கிறாரோ என்னவோ. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஒரு படத்துக்கா இத்தனை அழுகை?

மார்ச் 12, ஞாயிறு

இன்று முழுக்க என் குரலை நான் கேட்டது ஒரே தடவை. கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டு "சனியனே" என்றபோது.

மார்ச் 18, சனி

படம் விழுந்துவிட்டது! பாலத்தின் மேல் பஸ்கள் சிவப்புக் கோடாக ஓடுகின்றன, தண்ணீர் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடக்கிறது. நான் எடுத்தது. நானேதான். மெக்கானிக் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

தங்கைக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

அந்த இதயத்தின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

மார்ச் 25, சனி

இன்று ஆளை நிறுத்தி எடுக்கும் பாடம். யாரையாவது கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். இருவரையும் பாலத்துக் கைப்பிடி ஓரம் நிறுத்தினேன், நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. "அரை நிமிஷம். கல்லு மாதிரி நிக்கணும். என்னையே பாருடி" என்றேன். "நிக்கறேன், நிக்கறேன்" என்றாள். பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் நின்றவள் இல்லை அவள்.

படம் வந்தது. மாப்பிள்ளை சிலை மாதிரி தெளிவாக இருக்கிறார். இவளுக்கு ஒரு கழுத்தில் இரண்டு முகம். ஒன்று நேராக என்னைப் பார்க்கிறது. மற்றது பக்கவாட்டில் அவரைப் பார்க்கிறது. இரண்டுமே அரைகுறை, கன்னத்தின் வழியே பின்னாலிருக்கும் விளக்குகள் தெரிகின்றன.

"அய்யோ, பேய் மாதிரி இருக்கேன். அழிச்சுடுக்கா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாதியில எதுக்குடி திரும்பின?"

"அவருக்குக் குளிருதோன்னு பாத்தேன். அப்பறம் நீ திட்டுவியேன்னு உன் பக்கம் திரும்பிட்டேன்."

அழிக்கிறேன் என்றேன். அழிக்கவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

காலையிலிருந்து அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். முதலில் பொறாமை. பொறாமைதான், வேறென்ன பெயர் வைப்பது? அரை நிமிஷம்கூட என்னை மட்டும் பார்க்க முடியவில்லை அவளால்.

அப்புறம் என்னைப் பார்க்கும் அந்த முகத்தைக் கவனித்தேன். சிரிக்கவில்லை. நான் என்ன நினைக்கிறேனோ என்று பயப்படுகிற முகம். அம்மா போன பிறகு இந்த முகத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பின்னறைக்கு நான் போனால் இவள் நாளெல்லாம் இப்படித்தான் நிற்பாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. எனக்கும் அரைகுறை, அவருக்கும் அரைகுறை.

மார்ச் 29, புதன்

வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "தனியாவா?" என்றார். "ஆமாம்மா, தனியாத்தான்." சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. மாடி ஏறி வந்து தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

தங்கைக்குப் போன் செய்தேன். "ஏன்க்கா, எங்க வீட்ல ஒனக்கு என்ன கொறச்சல்?" என்று அழுதாள். படத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. "எனக்கு என் கட்டில்லதான்டி தூக்கம் வரும்" என்றேன். பச்சைப் பொய். இந்தக் கட்டிலில் நான் தூங்கி எவ்வளவு நாளாகிறது.

ஏப்ரல் 3, திங்கள்

தூக்கம் இல்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

கொஞ்சம் தூங்கினேன்.

ஏப்ரல் 20, வியாழன்

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தால் தங்கை, தனியாக. இந்த வீட்டுச் சாவி இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் அந்த மணியை அடித்து நான் கேட்டதில்லை.

"ஏன்டி பெல் அடிக்கற? சாவி இருக்குல்ல?"

"இருக்கு..." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "நீ பாட்டுக்கு ஏதாவது வேலையா இருப்ப. இப்ப உன் வீடாச்சேக்கா."

உட்கார் என்றேன். பழையபடி கட்டிலில் கால் நீட்டிச் சாயவில்லை; நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையைப் பற்றி, அலுவலகத்தைப் பற்றி, என்னென்னவோ பேசினாள். பேசிய நேரமெல்லாம் என் முகத்தைப் பார்த்தே பேசினாள். கிளம்பும்போது சாவியை வளையத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைக்கப் போனாள்.

கையைப் பிடித்து அதை மறுபடி அவள் பைக்குள் போட்டேன். "வச்சுக்கோ. ஆனா பெல் அடிச்சுட்டு வா" என்றேன்.